அலமாரியில் நிற்கும் லோரி

ஹெலோ... ஹெலோ, யாரு?... காளிண்ணனா? என்னண்ணே, இன்னிக்குப் பாத்தா போன் போடுவீங்க? போக்குவரத்து இலாகா ஜேபிஜே ஆளுங்க முன் ரூம்ல உக்காந்து கம்பெனிய ஆடிட் பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு தெரியும்ல?... சத்தமாப் பேசாதீங்க, வெளிய கேக்கும்... என்னது?... எது விழுந்துருச்சு?...

லோரியா!

இருங்க இருங்க, கதவச் சாத்திட்டு வர்றேன்... ம், இப்ப சொல்லுங்க. மெதுவா... ஆமா... ஆமா... பனியில வளைவு தெரியல... ம்... பள்ளத்துலயா? எவ்ளோ பள்ளம்?... தேயிலை நனைஞ்சிருச்சா?... சரிண்ணே, காலு, காலு. காலு எப்படி இருக்கு?... ஸ்டேரிங்குக்கு அடியில மாட்டிக்கிச்சா... ரத்தமா... அலாமா... துண்டு இருந்தா இறுக்கிக் கட்டுங்க லா...

என்ன சொன்னீங்க? கண்ணு அசந்துருச்சா? அண்ணே, அந்த வார்த்தைய மட்டும் இனிமே ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க... தெரியும்ண்ணே, கிள்ளான்லேர்ந்து வந்து நீங்க பாய்ல சாயவே இல்ல, தெரியும். நான்தானே உடனே தேயிலைய ஏத்துங்கன்னேன். எஸ்டேட்டு மேனேஜர் நெருக்குறாரு, நான் என்ன செய்ய?...

இல்ல இல்ல, இடத்த அப்புறம் சொல்லுங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க...

என்னாது, 999க்கு அடிக்கிறீங்களா? அடிங்க. தாராளமா அடிங்க. போம்பா தீயணைப்பு வண்டி வரும், பின்னாலயே போலீஸ் வரும். "காளிமுத்து, கம்ப்யூட்டர்ல உன் லோரி பிரிஞ்சாங் செட்டுல நிக்குது, நீ தூங்குறன்னு இருக்கு, இங்க எப்படி வந்த?"ன்னு கேப்பான். என்ன சொல்வீங்க? ஜிபிஎஸ் பொட்டி இங்க செட்டு ஆபீஸ்ல, என் தலைக்கு மேல அலமாரியில, சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு. அதைக் கழட்டிக் குடுத்தது யாரு? நீங்கதானே?... நான் கழட்டச் சொன்னேன், சரி. கை யாரோட கை?...

அழாதீங்கண்ணே. அழுதா எனக்குக் கஷ்டமா இருக்கும்.

யாரு?... ஆ, வர்றேன் விஜயன் சார்! டீ குடிங்க சார், நம்ம எஸ்டேட்டுத் தூளு!... டிரைவருங்களா? எல்லாரும் ரெஸ்ட்ல இருக்காங்க சார். சட்டம் சட்டம்தானே சார்!...

கேட்டீங்களா அண்ணே, எப்படி நிக்குறேன்னு? வருசத்துக்கு ஒரு சட்டம். பொட்டி மாட்டுன்னான், மாட்டுனேன். வேகத்தக் கட்டுற கருவி போடுன்னான், போட்டேன். இப்ப டிரைவர் தூங்குனானான்னு ஒரு ஆடிட்டு. மொதலாளி தூங்குனானான்னு என்னிக்காவது ஒருத்தன் கேட்டிருக்கானா? காலையிலேர்ந்து எல்லாம் கரெக்ட்டு கரெக்ட்டுன்னு தலைய ஆட்டிக்கிட்டே வந்தான். வெண்ணெ தெரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடச்சிட்டீங்களே...

ஆமா, வலிக்கும். வலிக்காம இருக்குமா?... ஆமா... ஆமா... போனு பேட்டரி கம்மியா? அதான் சட்டுன்னு முடிக்கலாங்குறேன். தனுஜா, இங்க வா. உன் போன எடு, ரெக்கார்ட்ல போடு. நான் இத ஸ்பீக்கர்ல வைக்கிறேன்... என்ன மொறைக்கிற? உங்க அப்பாவும் என் லோரிதான் ஓட்டுறாரு. போடு.

காளிண்ணே, சிம்பிளா ரெண்டே பேச்சு. "நான் காளிமுத்து. பொட்டியக் கழட்டி வச்சிட்டு, யாரையும் கேக்காம லோரிய எடுத்துட்டு வந்தேன்." அவ்ளோதான். சொன்ன அடுத்த நிமிசம் நானே போம்பாவக் கூப்புடுறேன்...

திருட்டுன்னு யாரு சொன்னா? கேக்காம எடுத்தேன்னுதானே சொல்லச் சொல்றேன்... மானமா? பள்ளத்துல கெடந்துக்கிட்டு மானத்தப் பத்திப் பேசுறீங்க... எங்கப்பா காலத்துலேர்ந்து ஓட்டுறீங்க, தெரியும். எங்கப்பா செத்துட்டாரு. இப்ப கம்பெனி லைசென் என் பேர்ல இருக்கு. அது போச்சுன்னா அத்தனை வீட்டு அடுப்பும் போச்சு. உங்க மகன் தினேஸ்வரனும் என்கிட்டதான் ஓட்டுறான், மறந்துறாதீங்க...

இல்லண்ணே, மெரட்டல. ஞாபகப்படுத்துறேன்.

ம். அப்படி வாங்க வழிக்கு. தனுஜா, ரெடியா? சொல்லுங்க... ம்... நிறுத்துங்க! "மொதலாளி சொல்லி"ன்னு எதுக்கு வருது? மொதலாளிங்குற பேச்சே வரக் கூடாது. அழிச்சிரு தனுஜா, மறுபடி போடு. சொல்லுங்க... ம்... ம்... இடத்த இப்ப சொல்லாதீங்க லா! ஒன்னக் கேட்டா ஒன்னு சொல்லிக்கிட்டு! நடுவுல அது வந்துச்சுன்னா, உயிருக்குப் பயந்து சொன்னாருன்னு ஆயிரும். அதையும் அழிச்சிரு தனுஜா. மறுபடி...

என்னண்ணே, குரல் உள்ள போகுது? தண்ணி இருக்கா பக்கத்துல?... ஆத்துச் சத்தம் கேக்குதா, எட்டலயா... சரி. உங்க வீட்டுக்காரம்மா ராசம்மாக்காவ நான் பாத்துக்குறேன். கொழுந்து எடுக்கப் போயிருப்பாங்க, ஆள் அனுப்புறேன். ராணி மாதிரி வச்சிக்கிறேன்... இல்லண்ணே, சாவுப் பேச்சு யாரு பேசுனா? சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன். கடைசியா ஒரு தடவ. இருமாம சொல்லுங்க...

ம்...

ம்...

ஆ! அதான். அதான்ண்ணே! தனுஜா, போட்டுக் காட்டு... அருமையா வந்திருக்கு. கோர்ட்டுல போட்டாலும் நிக்கும். தங்கம்ண்ணே நீங்க. எங்கப்பா சும்மாவா உங்கள வச்சிருந்தாரு?

இப்ப பாருங்க, சொன்னா சொன்னதுதான். தனுஜா, பேனா குடு. ம், சொல்லுங்கண்ணே. தாப்பா ரோடா, சிம்பாங் பூலாய் ரோடா?...

ஹெலோ?

காளிண்ணே, எந்த ரோடு? போலீஸ் ரோட் புளோக் இல்லாத பக்கமாப் பாத்து எறங்குங்கன்னுதானே சொன்னேன். எந்தப் பக்கம் எறங்குனீங்க?... ஹெலோ... இப்ப பேசலாம்ண்ணே. இடத்தத்தான் கேக்குறேன், இடத்தச் சொல்லுங்க... ஹெலோ...

திரும்ப அடி தனுஜா... அடி, அடிச்சிக்கிட்டே இரு... ஆஃப்பா?

ரெக்கார்ட்டக் கேளு. இடத்த எங்கயாவது சொல்லியிருப்பாரு... என்ன, அழிச்சியா? யார் அழிக்கச் சொன்னா?...

சரி, கம்ப்யூட்டர்ல பாரு. லோரி எங்க நிக்குதுன்னு பாரு... நல்லாப் பாரு. எங்க காட்டுது?...

என் தலைக்கு மேலயா?