அசைந்ததை நீக்கு

டீ ஆறிவிட்டதே என்று சங்கடப்படாதீர்கள் சார். சூரியன் இறங்குவதற்காகப் பாறையில் காத்துக் கிடப்பவனுக்கு ஆறின டீதான் பழக்கம்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் சாயங்கால வானத்துக்கு வெளிச்ச அளவு வைத்தால் படத்தில் பாறை கரியாகிவிடும். பாறைக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் ட்ரைபாடில் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என மூன்று படம் எடுப்போம். பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் சேர்த்தால் கண் பார்த்தது அப்படியே வரும்.

பதினோரு வருஷம் அந்த ட்ரைபாடைத் தூக்கி வந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. வீட்டில் சாப்பாடு, என் பழைய கேமரா, தொழில் நுணுக்கம், எதையும் அவனுக்கு ஒளித்ததில்லை. போன வருஷம் பெரிய போட்டியில் எனக்கு முதல் பரிசு என்று அறிவித்த வாரமே, அந்தப் படத்தின் வானம் வேறொரு நாளில் எடுத்தது என்று நடுவர்களுக்கு எழுதிப் போட்டான். பரிசைப் பிடுங்கிக்கொண்டார்கள். வானம் வேறு நாளுடையதுதான். ஆனால் அதைச் சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லையா? கூடவே இருந்து குழி பறித்தான். அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் அடங்கவில்லை.

மறுபடி அவனைப் படமெடுக்கக் கூப்பிட்டது நான்தான். கடலுக்குள் நீண்ட ஒரு பாறையை ஒரு வாரம் பார்த்து வைத்திருந்தேன். சின்ன அலைகள் அடிவாரத்தோடு திரும்பிவிடும். எப்போதாவது ஒன்று மட்டும் மேலேறி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகும். அவனை விளிம்பில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன்.

“அத்தான், கோவம் போயிடுச்சா?”

“அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு மாப்ளே. அசையாம நில்லு, மூணு படம்.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தொழில் தெரிந்தவன், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். தூரத்தில் பெரியது எழுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை அழுத்தினேன். லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் முதல் படத்துக்கு இரண்டு வினாடி, அடுத்ததற்கு எட்டு, கடைசிக்கு முப்பது. அலை வருகிறதென்று கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டால் திரும்பியிருப்பான்.

முதல் படத்தில் நிற்கிறான். இரண்டாவதில் பாதி நேரம்தான் இருந்தான், அதனால் அவன் உடம்பு வழியே கடல் தெரிகிறது. மூன்றாவதில் வெறும் பாறை. அந்த முப்பது வினாடியும் நான் இடத்தை விட்டு நகரவில்லை. தள்ளினாயா என்று கேட்டால் இல்லை. கொன்றாயா என்று கேட்டால் ஆமாம்.

மூன்றையும் சேர்க்கும்போது ‘அசைந்ததை நீக்கு’ என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்தேன். சுவடில்லாமல் போய்விட்டான். தவறி விழுந்தான் என்று சொன்னதை என் மனைவி நம்பினாள். தம்பி கடைசியாகப் பார்த்த கடல் என்று அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

அதே போட்டிக்குத்தான் அனுப்பினேன். இந்த முறை நடுவர்கள் உஷாராக மூலப் படங்களையும் கேட்டார்கள். மூன்றையும் அனுப்பிவைத்தேன். அவை போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் மேசைக்கு வந்துவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. நன்றாகப் பாருங்கள் சார். ஒரே இடம், ஒரே நாள், ஒரே வானம். இனி என்னைப் பித்தலாட்டக்காரன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.