பச்சை ரப்பர் செருப்பு

அக்கா: விடுடா. காலி பண்ணிட்டுப் போற ரூமுக்கு எதுக்கு நீ போர்வை மடிக்கிற? லாட்ஜ் ஆளுங்க பாத்துப்பாங்க.

தம்பி: சும்மா... கை தானா போயிடுச்சு.

அக்கா: அடேங்கப்பா! வீட்டுல படுத்த தலகாணியைக்கூட நகத்த மாட்ட. இங்க நாலு மூலையும் அட்டை மாதிரி நிக்குது.

தம்பி: தனியா இருந்தா எல்லாம் வந்துடும்க்கா. சார்ஜர் எடுத்துட்டியா?

அக்கா: எடுத்தாச்சு. கிளிப்பச்சையில நீ பேரம் பேசி வாங்கித் தந்தியே, அந்த ரப்பர் செருப்புதான் எங்கன்னு...

தம்பி: கட்டிலுக்கு அடியில. வந்த அன்னிக்கு பிளாட்பாரத்துல வாங்கினது, அதுக்குள்ள வார் இழுத்துக்கிச்சு பாரு.

அக்கா: இருந்துட்டுப் போகுது. மூணு நாளா கழட்டவே இல்ல, அவ்வளவு நடக்க வச்சிருக்க.

தம்பி: டாக்சில போனா ஊர் தெரியாதுக்கா.

அக்கா: நல்லா சமாளிக்கிறடா! மியூசியத்துல கடைசி ஒரு மணி நேரம் ஓசின்னு ஓட விட்ட. ராஜா கிரீடத்தை ஓடிக்கிட்டே பாத்தவ உலகத்துல நான் ஒருத்திதான்.

தம்பி: படகு?

அக்கா: படகு சொர்க்கம்டா. பணக்காரங்க உல்லாசப் படகுல போய்ப் பாத்ததை எல்லாம், ஆபீஸ் போறவங்க படகுல நின்னுக்கிட்டே பாத்துட்டேன். ஆனா ஆஸ்பத்திரி கேன்டீன்தான்...

தம்பி: ஊர்லயே அங்கதான் சாப்பாடு மலிவு. வயித்தையும் கெடுக்காது.

அக்கா: பக்கத்துல ஒரு அம்மா உக்காந்து, 'யாருக்கும்மா உடம்பு சரியில்ல?'ன்னு கேட்டாங்க. திருதிருன்னு முழிச்சேன்.

தம்பி: என்ன சொன்ன?

அக்கா: தம்பிக்குன்னேன்.

தம்பி: அடிப்பாவி!

அக்கா: ...ஏன்டா, உன் வீட்டுல பெயிண்ட் வேலை இன்னுமா முடியல?

தம்பி: இன்னும் ரெண்டு நாள் ஆகும். அந்த வாசனை உனக்கு ஒத்துக்காது.

அக்கா: ஒரு எட்டு வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறேனே.

தம்பி: ரயிலுக்கு நேரமாச்சு.

அக்கா: இல்லடா... அம்மா அதுக்குத்தான் என்னை அனுப்பினாங்க. சுத்திப் பாக்க இல்ல. பொண்ணு வீட்டுல அடுத்த மாசம் உன் வீட்டைப் பாக்க வராங்களாம். முதல்ல நீ பாத்துட்டு வான்னாங்க.

தம்பி: ...இதை ஏன் முதல்லயே சொல்லல?

அக்கா: நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

தம்பி: வீடு இல்லக்கா. இந்த லாட்ஜ்லதான் வேலை. ரூம் கிளீனிங். கீழ மாடிப்படி ஓரத்துல ஆறு பேருக்கு ஒரு அறை, அதுலதான் படுக்கிறேன். வேலை செய்யறவங்க வீட்டு ஆளுங்களுக்கு வாடகை பாதி. அதான் இந்த ரூம்.

அக்கா: தெரியும்டா.

தம்பி: போர்வையைப் பாத்தா?

அக்கா: இல்ல... முந்தாநாள் காலையில. ஆபீஸ்ல அவசர மீட்டிங்னு கிளம்பினியே. வராண்டாவுல சத்தம் கேட்டுச்சு. கதவு ஓட்டை வழியா பாத்தேன்.

தம்பி: அக்கா, விடு...

அக்கா: எதிர் ரூம் பொம்பள, துண்டுல கறைன்னு உன் மூஞ்சியில விட்டெறிஞ்சா. நீ குனிஞ்சு எடுத்துக்கிட்டு, மன்னிச்சிருங்கம்மான்ன.

தம்பி: தினம் நடக்கிறதுதான்.

அக்கா: எனக்குத் தினம் நடக்கல! வெளிய வந்து அவளை நாலு வார்த்தை கேட்டிருக்கணும். தாழ்ப்பாள்ல கை வச்சேன்டா. வச்ச கை திறக்கல. இவன் என் தம்பின்னு தெரிஞ்சிடுமேன்னு... வெக்கமா இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானமே படகுல கூட்டிட்டுப் போய் என்னைச் சிரிக்க வச்ச. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். என்ன ஜென்மமோ நான். என்னை நினைச்சா எனக்கே கூசுது.

தம்பி: அழாத. பையைக் குடு, நான் தூக்கறேன்.

அக்கா: அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்டா. நானும் கூட நிக்கிறேன்.

தம்பி: நானே சொல்றேன்க்கா. ராத்திரி போன் பண்றேன்.

அக்கா: நான் ஒளிஞ்சு நின்னதை நீ பாக்கல, அது ஒண்ணுதான் நல்லவேளை. பாத்திருந்தா உன் முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்!

தம்பி: ...தட்டுறதுக்கு முன்னாடி ஆள் இருக்காங்களான்னு கதவு இடுக்குல பாக்குறது எங்க வழக்கம்க்கா. துண்டை எடுக்கக் குனிஞ்சப்ப, பழக்க தோஷத்துல இந்தக் கதவுக்கு அடியிலயும் பாத்துட்டேன். பச்சைச் செருப்பு ரெண்டும் அங்கதான் நின்னுச்சு.