ராத்திரி போடற மருந்து

இல்லம்மா, கடை மூடல. ஷட்டரைப் பாதி இறக்கினது வேற யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னுதான். நீ வா. சீட்டைக் கண்ணாடி மேல வெச்சுட்டு உக்காரு. அந்தச் சேர் வேண்டாம், அது ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. ஆமா, எங்க வீட்டுக்காரரு வழக்கமா உக்கார்றதுதான். அதனால என்ன? இன்னைக்கு அவரு வரமாட்டாரு. நானே பஸ்ல வந்துடறேன், கூப்பிட வராதீங்கன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மொதல்ல மருந்து வேலையை முடிச்சுடலாம்.

மாடியில டாக்டர் என்ன சொன்னாரு? அதேதானா? அவரு அப்படித்தான். மூஞ்சியை அரை நிமிஷம் பார்ப்பாரு, மிச்ச நேரமெல்லாம் பேனாவைப் பார்ப்பாரு. எப்படிப் போடணும், எரிஞ்சா என்ன பண்ணணும்னு கேட்டா, கீழ மருந்துக் கடையில அந்தம்மா சொல்லுவாங்கன்னு தள்ளி விட்டுடுவாரு. அந்தம்மாவும் வருஷக்கணக்கா கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிட்டே இருக்கா.

லைட்டுக்கு நேரா திரும்பு. ம். நெத்தி சுத்தமாயிடுச்சு. கன்னமும் பரவாயில்ல. தாடை ஓரத்துல நாலஞ்சு இருக்கு, அதுவும் அடங்கிடும். கிள்ளாம இருக்கியா? இருக்கே, தெரியுது. மொதல் தடவை வந்தப்ப மாஸ்க்கைக் கழட்டவே மாட்டேன்னுட்டே. மருந்து சீட்டைப் படிச்சுட்டு, பருவுக்காம்மான்னு நான் சாதாரணமாத்தான் கேட்டேன், பொலபொலன்னு அழுதுட்டே. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க வீட்டுக்காரருதான் எழுந்து போய் அந்தப் பிளாஸ்டிக் டம்ளர்ல தண்ணி பிடிச்சுக் குடுத்தாரு. தேங்க்ஸ் அண்ணான்னு சொன்னே.

எங்க, எப்படிப் போடறேன்னு சொல்லு. இல்லம்மா, பரீட்சை எல்லாம் இல்ல, அடுத்த ட்யூப் குடுக்கறப்ப எல்லாரையும் கேப்பேன். பாதிப் பேரு பல்லு விளக்கற பேஸ்ட் மாதிரி பிதுக்கி அப்பிட்டு, மூஞ்சி உரியுதுன்னு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. ம். கழுவி, துடைச்சு, ஈரம் நல்லாக் காயற வரைக்கும் இருந்து... சரி. ஒரு பட்டாணி அளவு, மொத்த மூஞ்சிக்கும் அதுதான். சரி. கண்ணு ஓரம், மூக்கு மடிப்பு, உதடு, இதெல்லாம் விட்டுட்டு. மேல க்ரீம். காலையில வெயிலுக்குத் தடவற க்ரீம் இல்லாம வெளிய போறதில்ல. கரெக்ட். ஒண்ணு விடாம சொல்றே. இவ்வளவு ஒழுங்கா யாரும் சொன்னதில்ல.

இன்னொண்ணு கேட்டே ஆகணும், உனக்குத்தான் தெரியுமே. இது ரெட்டினாய்டு மருந்து. நாள் ஏதாவது தள்ளிப் போயிருக்கா? வயித்துல புள்ளை இருந்தா இதைப் போடக் கூடாது, அதான் ஒவ்வொரு தடவையும் கேக்கறது. போன தடவை கேட்டப்ப விழுந்து விழுந்து சிரிச்சே. போங்கக்கா, கல்யாணமே ஆகல, இதுல நாள் எங்க தள்ளறதுன்னே. இன்னைக்குச் சிரிக்கலியே.

இல்லையா? சரி. யோசிச்சே சொல்லு, அவசரமில்ல. இல்ல. சரி, நல்லது.

ஃபேன் வேணும்னா போடறேன். வேர்க்குது உனக்கு.

நானும் இதெல்லாம் போட்டவதான். கல்யாணம் ஆகி வர்றப்ப மூஞ்சி பூரா பரு. எங்க மாமியார் என் மூஞ்சியைப் பார்க்காம, என் தோளைப் பார்த்தே ஒரு வருஷம் பேசினாங்க. அவரு மட்டும் ஒண்ணுமே சொன்னதில்ல. நல்ல மனுஷன்னு நெனச்சேன். நல்ல மனுஷன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா என்ன போடறே, எதுக்குப் போடறே, எரியுதான்னு ஒரு வார்த்தை கேட்டதும் இல்ல. ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு நான் புள்ளி வெச்சுட்டிருப்பேன், அவரு லைட்டை எப்ப அணைப்பேன்னு கேப்பாரு. அவ்வளவுதான் எங்களுக்குள்ள இந்த மருந்தைப் பத்தின பேச்சு. அப்புறம் வயசாச்சு, பரு நின்னுடுச்சு, நானும் நிறுத்திட்டேன். இப்ப எங்க வீட்ல இந்த ட்யூப் கிடையாது. அதை மனசுல வெச்சுக்கோ.

நீ மூணாவது வாரத்துல ஓடி வந்தியே, மருந்து போட்டதுக்கப்புறம் ஜாஸ்தியாயிடுச்சு அக்கான்னு. நான் என்ன சொன்னேன்? உள்ள இருக்கறதுதான் வெளிய வருது, வரட்டும், கொஞ்ச நாள் கண்ணாடி பக்கம் போகாதேன்னேன். வர்றவங்க எல்லாருக்கும் சொல்றதுதான் அது. அன்னைக்குச் சரக்கு வந்து இறங்கியிருந்தது, எண்ணி அடுக்கணும், எனக்கு நேரமாகும். வெளிய மழை வேற. நான்தான் அவருகிட்ட சொன்னேன், பாவம் அழுதுட்டு நிக்குது, வழியில இறக்கி விட்டுட்டு வாங்கன்னு. அவரு வேண்டா வெறுப்பா வண்டிச் சாவியை எடுத்தாரு. எனக்கு அது கண்ணுலயே இருக்கு, அந்த வேண்டா வெறுப்பு.

அதுக்கப்புறம் ஒரு நாள் துணி காயப் போடறதுக்குப் பின்பக்கம் போறேன், அவரு போன்ல பேசிட்டிருக்காரு. உள்ள இருக்கறதுதான் வெளிய வருது, வரட்டும், கொஞ்ச நாள் கண்ணாடி பக்கம் போகாதேங்கறாரு. என் வாயில வர்ற மாதிரியே, அந்த இழுவையோட. நான் வாளியோட நின்னுட்டேன். இவருக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு மொதல்ல ஆச்சரியமாத்தான் இருந்தது. பரவாயில்லையே, சேர்ல உக்காந்து தூங்கறாருன்னு நெனச்சோம், காதைத் தீட்டிட்டுத்தான் இருந்திருக்காருன்னு. அப்புறம்தான் ஒண்ணு ஒறைச்சுது. இத்தனை வருஷத்துல அவரு குரல் அவ்வளவு மெதுவா வந்து நான் கேட்டதில்ல.

இரு, இரு. எழுந்திரிக்காதே. நான் சத்தம் போடப் போறதில்ல. சத்தம் போடற மாதிரியா இருக்கேன்?

ஒண்ணு கவனிச்சேன். இப்பல்லாம் நீ அவரை அண்ணான்னு கூப்பிடறதில்ல. என்னை அக்கான்னு கூப்பிடறே, கூட்டித் தள்ற ஆயாவை ஆயான்னு கூப்பிடறே, மாடியில கம்பவுண்டரைக் கூட அண்ணாங்கறே. இவருகிட்ட மட்டும் எதுவும் இல்லாம மொட்டையாப் பேசறே. கிளம்பறேன்ங்கறே, மழை வருதுங்கறே. யாரைப் பார்த்துச் சொல்றேன்னே தெரியாது. நீ விட்டது உனக்கே தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சுது.

அப்பவும் நான் ஒண்ணும் கேக்கல. சந்தேகப்பட்டுப் பேசிட்டு, ஒண்ணுமில்லைன்னா அசிங்கம். அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை, உனக்குத் தெரியாததா. ராத்திரியில போன் வரும், லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்கம்பாரு, போவாரு. எப்பவும் இருக்கறதுதான். கொஞ்ச நாளா அது கூடிப் போச்சு. இத்தனை லிஃப்ட் ராத்திரி ராத்திரி நிக்குதுன்னா ஜனங்க பேசாம படிக்கட்டுலயே ஏறிப் போயிடலாம். இதை அவருகிட்டயே சொன்னேன். சிரிச்சாரு.

போன வாரம் அவரோட கம்பெனிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். கருநீலம். தோள்ல இருந்து கொஞ்சம் கீழ, நெஞ்சுப் பக்கமா, ஒரு கை அகலத்துக்கு செம்பட்டையா வெளுத்திருக்கு. லிஃப்ட்டுக்கு வெச்சிருக்கற பேட்டரி ஆசிட்னுதான் நெனச்சேன். ஆசிட்னா துணி பொத்துப் போகணும். விரலை விட்டுப் பார்த்தேன், நூல் ஒண்ணு கூட அறுந்து போகல. துணி கெட்டியா இருக்கு, நெறம் மட்டும் இல்ல.

இந்த மாதிரி எத்தனை தலையணை உறையை இந்தக் கண்ணாடி மேல விரிச்சுக் காட்டியிருக்காங்க தெரியுமா என்கிட்ட? புது உறை பாழாப் போச்சு, என்ன மருந்து குடுக்கறீங்கன்னு. உன் ட்யூப்ல ரெண்டு மருந்து கலந்திருக்கு. ஒண்ணு ரெட்டினாய்டு. அது துணியை ஒண்ணும் பண்ணாது. கூட இருக்கறது பருவுல இருக்கற கிருமியைக் கொல்றது. அது பட்ட இடத்துல சாயம் நிக்காது. அதான் எல்லாருக்கும் சொல்றேன், தலையணை உறை வெள்ளையாப் போடு, துண்டு வெள்ளையா வெச்சுக்கோன்னு. உனக்கும் சொன்னேன். சட்டையைப் பத்திச் சொல்லணும்னு தோணல.

ஆமாம்மா, இதே ட்யூபை ஊர்ல எத்தனையோ பேரு போடறாங்க. விக்கறவளே நான்தான், எனக்குத் தெரியாதா? அதுல எத்தனை பேரு அவரு குடுத்த தண்ணியைக் குடிச்சாங்கன்னு நீயே சொல்லு. இது பகல்ல போடற மருந்தும் இல்ல. ராத்திரி, படுக்கப் போறதுக்கு முன்னாடி போடறது. போட்டுட்டு அந்த மூஞ்சியோட ஒருத்தர் மேல சாஞ்சா...

சரி, விடு. அழாதே. அழுதா மருந்து போட்ட தோல் எரியும். இந்தா, பஞ்சு. ஒத்தி எடு, தேய்க்காதே.

எனக்கா? கோபம் வரும் வரும்னு ஒரு வாரமா பார்த்துட்டிருக்கேன். வரல. பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்களே, கன்னத்தை நாமளே கிள்ளினாலும் வேற யாரையோ கிள்ற மாதிரி இருக்கும். அப்படி இருக்கு. சமைக்கறேன், கடைக்கு வர்றேன், வர்றவங்களுக்குப் பட்டாணி அளவு பட்டாணி அளவுன்னு சொல்றேன். அவருக்குத் தட்டு வெக்கறேன். அவரு சட்டை எங்கன்னு கேட்டாரு. கொடியில இருந்து பறந்து போச்சு போலன்னேன். நம்பிட்டாரு. பொய் சொல்றது இவ்வளவு லேசுன்னு எனக்கு இத்தனை நாளா தெரியல.

இல்ல, விட்டுடுன்னு உன்கிட்ட கேக்கறதுக்கு ஷட்டரை இறக்கல. சத்தியமும் வேண்டாம். நீ சத்தியம் பண்ணினா நான் நம்பணும், அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. கேக்க வந்தது வேற.

இங்க பாரு, ரெண்டு ட்யூப் எடுத்து வெச்சிருக்கேன். இது நீ போடற அதே ட்யூப். அது கலக்காதது, ரெட்டினாய்டு மட்டும் இருக்கறது. கொஞ்சம் மெதுவாக் கேக்கும், ஆனா இப்ப உன் மூஞ்சி இருக்கற இருப்புக்கு அது போதும். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், ரெண்டுல எதை வேணா குடுங்கன்னுட்டாரு. கலந்த இதைக் கொண்டு போனா, இன்னொரு சட்டை வெளுத்துப் போகும். எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நான் ஏதாவது பண்ணித்தான் ஆகணும். கலக்காத அதைக் கொண்டு போனா எந்தத் துணியிலயும் ஒரு அடையாளம் இருக்காது. நான் பாட்டுக்குத் துவைச்சு, காயப் போட்டு, மடிச்சு வெச்சுட்டே இருப்பேன், சாகற வரைக்கும்.

எதுன்னு என்னாலயே சொல்ல முடியல. நீ சொல்லு. எதைப் பையில போடட்டும்?