சிவப்புக் கோடு வரை

மச்சான்: ...அப்புறம் அந்த மேகத்தைக் கயித்துல கட்டிக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துட்டு வந்துட்டேன், மாப்ள. மாடு மாதிரி அசையாம நிக்குது. உன் பொண்டாட்டி சொம்பைத் தூக்கிக்கிட்டுக் கறக்க வர்றா...

மாப்பிள்ளை: கனவுலயும் உன் தங்கச்சிக்கு வேலையா? அங்கயாவது அவளைத் தூங்க விடேன்.

மச்சான்: பால் இல்லடா, தண்ணி. நுரை நுரையா...

மாப்பிள்ளை: மச்சான், உன் குரல் மட்டும்தான் வருது. எங்க நிக்கிற?

மச்சான்: வலைக்குப் பக்கத்துல. மொட்டை மாடியையே பனி முழுங்கிடுச்சு. பாத்து வா... நிதி கிடைக்கிற நாள்ல நீ கீழ விழுந்துடாத.

மாப்பிள்ளை: இன்னைக்குப் பனி கொஞ்சம் கம்மியோ?

மச்சான்: கம்மியா! என் மூக்கு எங்க இருக்குன்னு தடவித்தான் பாக்கணும்.

மாப்பிள்ளை: இல்ல... ஈரம் பத்தாத மாதிரி... அந்த நிதி அதிகாரி அம்மாவை நாளைக்கு வரச் சொல்லலாமா?

மச்சான்: உன் கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் இழுத்த. கூடப் படிச்சவனாச்சேன்னு தங்கச்சியைக் கொடுத்தா, 'நாளைக்கு வச்சுக்கலாமா'ன்னு கேட்டவன் நீ.

மாப்பிள்ளை: அதை இன்னும் எத்தனை வருஷம் சொல்லுவ?

மச்சான்: அவ மறக்குற வரைக்கும். உட்காரு. அவங்க வர்றதுக்கு முன்னாடி, வலைத் தண்ணி சேர்ற கேனைத் திறக்கக் கூடாதாம். கண்டிச்சுச் சொல்லிட்டாங்க.

மாப்பிள்ளை: நீ... திறந்து பாக்கலையே?

மச்சான்: இல்ல. நீ?

மாப்பிள்ளை: நான் எதுக்குப் பாக்கப் போறேன்?

மச்சான்: சும்மா கேட்டேன். ஏன் பாயுற?

மாப்பிள்ளை: ...போன கூட்டத்துல அவங்க கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா?

மச்சான்: மறக்குமா! பனியைத் தண்ணியாக்குற நூல் ஒண்ணை ஒருத்தன் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்து நீட்டுறான். முதல் கேள்வியே, 'இதை எவ்வளவுக்கு விப்பீங்க?' தண்ணியைக் கண்ணால பாக்கல, தொட்டுப் பாக்கல... அதுக்குள்ள லாபம்! இது என்ன முறை?

மாப்பிள்ளை: கண்டுபிடிப்பைக் கம்பெனியாக்கத்தானே பல்கலைக்கழகம் அந்த நிதியே வச்சிருக்கு. கேக்கத்தான் செய்வாங்க.

மச்சான்: கேக்கட்டும். வரிசைன்னு ஒண்ணு வேணாமா?

மாப்பிள்ளை: சரி, கோவப்படாத. கம்பெனி வந்துட்டா முதல் வலை எங்க கட்டுவோம்? அதைச் சொல்லு.

மச்சான்: மலைச்சரிவுல. கிணறு தோண்ட முடியாத இடம். வீட்டுக்கு ஒரு வலை... விடியும்போது எல்லாம் ஒண்ணா நனைஞ்சு, ஒண்ணா சொட்டும். அந்தச் சத்தத்துலதான் ஊரே கண்ணு முழிக்கும். யாரும் குடம் தூக்கி இறங்க வேண்டாம். மேகமே வாசல் வரைக்கும் வந்து ஊத்திட்டுப் போகும்...

மாப்பிள்ளை: நீ பேசப் பேச எனக்கும் கேக்குது மச்சான், அந்தச் சொட்டு.

மச்சான்: கேக்குதா! வலையைத் தாங்குற சட்டம் நீ செஞ்சதுடா. காத்துல ஆடாம நிக்குது பாரு.

மாப்பிள்ளை: ...நிதி கிடைக்கலேன்னா?

மச்சான்: அடுத்த வாரம் இங்க சோலார் தகடு போடுறாங்க. வலையைச் சுருட்டி உன் வீட்டுப் பரண்ல போட்டுட்டு, நான் மறுபடியும் முதல் வருஷப் பசங்களுக்கு அமிலமும் காரமும் நடத்தப் போவேன்.

மாப்பிள்ளை: முதல் நூல் தோத்தப்போ இருந்தியே... சாப்பிடாம, சுவரையே பாத்துக்கிட்டு. அப்படி ஆயிடமாட்டியே?

மச்சான்: அதை எதுக்கு இப்ப கிளறுற? இந்த வலை கட்டினதுலேர்ந்து நல்லாத்தானே இருக்கேன்?

மாப்பிள்ளை: இருக்க. தினம் காலையில போன் பண்ணி 'கேன்ல தண்ணி சிவப்புக் கோட்டைத் தொட்டுடுச்சு மாப்ள'ன்னு கத்துவ. அந்தக் குரலுக்காக...

மச்சான்: குரலுக்காக?

மாப்பிள்ளை: ஒண்ணுமில்ல. படியில யாரோ வர்றாங்க.

அதிகாரி: யாருங்க அங்கே? படி முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?

மச்சான்: முடிஞ்சுது மேடம். என் குரலைப் பிடிச்சுக்கிட்டு நேரா வாங்க. கையைக் கொடு மாப்ள, மேடத்துக்கு.

அதிகாரி: அப்பா... மேகத்துக்குள்ள நடந்து வந்த மாதிரி இருக்கு. இதுதான் வலையா? தொடலாமா? முத்து முத்தா நிக்குதே!

மச்சான்: தொட்டுப் பாருங்க. அது உருண்டு, கீழே இருக்கிற குழாய் வழியா கேனுக்குப் போயிடும்.

அதிகாரி: உங்க அறிக்கையைப் படிச்சதும் குழுவுல எல்லாரும் அசந்துட்டாங்க. ஒவ்வொரு விடியலிலும் கேன் சிவப்புக் கோடு வரைக்கும் நிரம்புதுன்னு எழுதியிருந்தீங்க. அதை மட்டும் நேர்ல பாத்துட்டா இன்னைக்கே பரிந்துரை செஞ்சிடுவேன். திறக்கலாமா?

மாப்பிள்ளை: கொஞ்சம் விடிஞ்சதும்...

அதிகாரி: டார்ச் இருக்கு. திறங்க சார்.

மச்சான்: ...இதோ.

அதிகாரி: கோடு எங்கே?

மச்சான்: அந்தா, மேல.

அதிகாரி: தண்ணி?

மச்சான்: ...அடியில.

அதிகாரி: இவ்வளவுதானா! ஓட்டை எதாவது?

மச்சான்: ஓட்டை கேன்ல இல்ல மேடம். என் கிட்ட. விடியக்காலையில அளக்க வர்றவன் நான்தான். வந்து பாத்தா கோட்டுக்குப் பாதிதான் இருக்கும். கீழ் மாடித் தண்ணிக் குழாயில குடத்துல பிடிச்சு, மீதியை நானே ஊத்தி நிரப்பிடுவேன்.

மாப்பிள்ளை: மச்சான்! என்ன சொல்ற நீ?

மச்சான்: இருடா. இவன் கைநிறைய சம்பளம் வாங்கின வேலையை விட்டுட்டு என் பின்னால வந்தவன், மேடம். பாதிதான்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவான்னு ஊத்த ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. அறிக்கையிலயும் அதையே எழுதிட்டேன்.

அதிகாரி: இதுக்கு என்ன பேர்னு உங்களுக்கே தெரியும் சார். சரி... இன்னைக்கு ஏன் ஊத்தல?

மச்சான்: குடத்தோட வந்தேன். தூக்கி ஊத்தக் கை வரல. நாளைக்கு ஒரு மலைவீட்டுல யாரோ நம்ம வலையை நம்பிக் குழாயடியில காத்துக்கிட்டு நிப்பாங்க. அங்கயும் போய் நான் ஊத்த முடியுமா?

அதிகாரி: ...பாதி உண்மைன்னா அதுவே பெரிய விஷயம். பாதின்னே எழுதியிருந்தாலும் நான் படியேறி வந்திருப்பேன். திருத்தி எழுதிக் கொடுங்க, குழுவுல நான் பேசிப் பாக்குறேன்.

மச்சான்: நிஜமாவா மேடம்? மாப்ள, கேட்டியா! பாதி போதுமாம்டா!

அதிகாரி: ஆனா பாதியும் இல்லையே சார். நீங்க ஊத்தலேன்னா பாதியாவது இருக்கணும். இதுல ஒரு டம்ளர் தேறுமா?

மச்சான்: அதுதான் எனக்கும்... இத்தனை பனியில... மாப்ள, சாயங்காலம் நீதானே கடைசியாப் பாத்துட்டுப் பூட்டிட்டுப் போவ? குழாய் எதாவது கழண்டு இருந்துச்சா?

மாப்பிள்ளை: குழாய் சரியாத்தான் இருக்கு மச்சான்... தினம் நீ பாத்த பாதி, நான் ஊத்திட்டுப் போனது. மீதிப் பாதி வலை கொடுக்குதுன்னு நம்பித்தான், நேத்து வெறுங்கையோட வீட்டுக்குப் போனேன்.