மாசிடோனியக் கழுதையும் தலைவரின் காரும்

"கழுதைக்குப் பதிலா கார் வெச்சிருக்கியே, என்னைக் குத்தத்தானே?"

அமெரிக்காவின் எடிசன் நகரில், இந்திய மளிகைக் கடையின் பில் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற தமிழ்ச் சங்கத் தலைவர், பொங்கல் விழாவுக்குக் காமெடி நாடகம் எழுதிய பெண்ணைக் கேட்டார்.

"அது மாசிடோனியா நாட்டுப்புறக் கதை அங்கிள். ஆபீஸ் ஃப்ரெண்ட் சொன்னா. 'எங்கிட்டப் பொய் சொல்லி ஜெயி பாக்கலாம்'ங்கறான் பணக்காரன். 'பொய் மூட்டை வீட்ல இருக்கு, உன் கழுதையைக் குடு, எடுத்துட்டு வரேன்'ங்கறான் இன்னொருத்தன். கழுதையோட போனவன் போனவன்தான்."

"ஏமாறுறவனை ஏன் சங்கத் தலைவரா மாத்தினே? அந்த சீனைத் தூக்கு."

"ஒரு வரிகூட தூக்க மாட்டேன்."

"ஸ்கிரிப்ட் ஃப்ளாப்பியைக் குடு. நானே வெட்டறேன்!"

"வீட்ல இருக்கு. உங்க காரைக் குடுங்க, எடுத்துட்டு வரேன்."

தலைவர் முறைத்தபடியே சாவியை எடுத்து நீட்டினார்.