இருபத்திரண்டு சக்கர வண்டி

கோவிட் அடங்கி வந்த சமயம். தேக்கா மார்க்கெட் காய்கறிக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் காலில் கனத்த பூட்ஸ், கழுத்தில் விமான நிலைய அட்டை.

"அண்ணே, எலுமிச்சம்பழம் இருபத்திரண்டு குடுங்க."

"புது வண்டியாம்மா? சக்கரத்துக்கு அடியில வைக்க நாலு போதுமே."

"என் வண்டிக்கு இருபத்திரண்டு சக்கரம்ண்ணே. கோவிட்ல நிறுத்தி வச்ச ரெண்டடுக்கு ப்ளேன் லா. டயர் ஒரே பக்கம் அமுங்கிடக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா உருட்டி உருட்டி விட்டோம். இன்னைக்குச் சாயங்காலம் பறக்குது!"

"அங்க பழம் வைக்க விடுவாங்களா?"

"ஒரு ஸ்க்ரூ கீழ கிடந்தாலே சூப்பர்வைசர் கத்துவாரு. இது டீமுக்கு ஜூஸ் போட."

"உன் வேலை?"

"போயிடும் போயிடும்னாங்க. போகலண்ணே!"

கடைக்காரர் பையைக் கொடுத்தார். பிறகு இன்னொரு பழத்தோடு வெளியே வந்து, அதை அவள் பூட்ஸுக்கு முன்னால் தரையில் வைத்தார்.

"ப்ளேனுக்குத்தானே வைக்கக் கூடாது? நீ மிதிச்சுட்டுப் போம்மா."

ஓங்கி மிதித்தாள். சாறு என் கால்சட்டை வரை தெறித்தது. துடைக்கத் தோன்றவில்லை.