இஞ்சித் தெளிவு

— அடியில வெள்ளையா மாவு மாதிரி தங்குதே, அத்த இன்னா பண்ணுவீங்க?

— அது இஞ்சி மண்டிம்மா. கலக்கக் கூடாது. மேல இருக்கிற தெளிவ மட்டும் சாச்சி ஊத்திக்கினு, மண்டிய கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டிடுவேன். நீங்க மொதல்ல உக்காருங்க கிருஷ்ணவேணியம்மா. ஃபேன் காத்து அந்தச் சேருக்குத்தான் வரும்.

— உக்கார்றேன். எவ்ளோ நேரம் தெளிய வுடணும்?

— காலையில என் பொண்ணு இசைவாணிக்கு டிபன் கட்டும்போதே இஞ்சிய நசுக்கி, தண்ணி ஊத்திப் புழிஞ்சி வெச்சிடுவேன். அவ தலை வாரி முடிக்கறதுக்குள்ள தெளிஞ்சிடும். ஏம்மா, ஓமந்தூர்லேர்ந்து இந்தக் கத்திரி வெயில்ல திண்டிவனம் வந்து, எங்க காலனியில குப்பம்மா வூடு எதுன்னு விசாரிச்சிக்கினு வந்திருக்கீங்க. இஞ்சியப் பத்திக் கேக்கவா வந்தீங்க?

— தோல சீவுவீங்களா, அப்படியே போடுவீங்களா? சொல்லுங்களேன்.

— ஸ்பூனால சொரண்டுவேன். கத்தியில சீவினா பாதி இஞ்சி தோலோட பூடும். வந்த விசயத்த சொல்லிடுங்கம்மா. உங்க புள்ள கோகுலகிருஷ்ணனும் என் பொண்ணும் விழுப்புரத்துல ஒரே ரத்த டெஸ்ட் லேப்ல வேலை பாக்குறாங்க. ஒரே பஸ்ல போய்க்கினு வந்துக்கினு இருக்காங்க. கல்யாணம் கட்டிக்கலாம்னு பேசி வெச்சிருக்காங்களாம். எனக்கே இப்பத்தான் தெரியும். சத்தியமா அதுக்கு முன்ன தெரியாது.

— எனக்கு போன கோடையிலயே தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சிக்கினா சும்மா இருந்தீங்க?

— அத்த அப்புறம் சொல்றேன். எங்க வூட்டுக்காரர் வெளிய வேப்ப மரத்தடியில காரு போட்டுக்கினு உக்காந்திருக்காரு. ஜல்தியா சொல்லிட்டு வான்னு என்னை அனுப்பிச்சாரு.

— பாண்டுரங்கன் அய்யாவா? இன்னா சொல்லச் சொன்னாரு?

— உங்க பொண்ண நிறுத்திக்கச் சொல்லச் சொன்னாரு.

— அவரே உள்ள வந்து சொல்லலாமே.

— அவரா? இந்தத் தெருவுக்குள்ள வண்டிய வுட்டதே பெருசு. ஏசி போட்டு, கண்ணாடிய ஏத்திக்கினு இருக்காரு.

— சரிம்மா. சொல்லிட்டீங்க. நானும் என் பொண்ணுகிட்ட ஏற்கனவே சொல்லிட்டேன். அந்தத் தம்பிகூடப் பேச்ச நிறுத்து. பக்கத்துல உக்கார்றத நிறுத்து. தெனம் உனக்கொரு பாட்டில், தம்பிக்கொரு பாட்டில்னு இஞ்சித் தண்ணி தூக்கிக்கினு போறியே, மொதல்ல அத்த நிறுத்துன்னேன். எனக்கு ஒரே பொண்ணும்மா. பேப்பர்ல, டிவியில இன்னா இன்னாவோ வருது. அவ உசுரோட இருந்தா எனக்குப் போதும். கல்யாணம் காட்சியெல்லாம் அப்புறம்.

— பாட்டில நிறுத்தினது நீங்களா?

— நான்தான்.

— நான் அந்தப் பொண்ணே நிறுத்திட்டான்னு நெனச்சேன். ரெண்டு பேருக்கும் சண்டையோன்னு நெனச்சேன். அவன் வேற சோத்தப் பெசஞ்சி வெச்சிட்டு எழுந்து போறான்.

— இவ மட்டும் இன்னா? வேலை வுட்டு வந்ததும் செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கறா. இந்தாங்க, பேசிக்கினே இருந்தா தொண்டை காஞ்சிடும். கலர் குடிங்க. பக்கத்து வூட்டு ஜெயம் இப்பதான் கடையிலேர்ந்து வாங்கியாந்தா. மூடி தொறக்கல பாருங்க. நீங்களே தொறந்துக்கோங்க.

— ஏன், வூட்ல இஞ்சித் தண்ணி இல்லியா?

— பானை நெறைய இருக்கு. ஆனா உங்க ஜனம் யாரு வந்தாலும் கடைப் பாட்டில்தாம்மா. எங்க மாமியாரு சோடா வாங்கி வெப்பாங்க, நான் கலர் வாங்கி வெக்கறேன். எங்க தண்ணி படாதது. ஓட்டு கேக்க வர்றவங்களுக்கும் அதான், லோன் தர வர்றவங்களுக்கும் அதான். அவங்களும் ஏன்னு கேட்டதில்ல, நானும் கோச்சிக்கினதில்ல.

— வெல்லம் போடுவீங்களா, சக்கரையா?

— மறுபடியும் இஞ்சித் தண்ணிக்கே வர்றீங்க.

— சொல்லுங்களேன்.

— வெல்லம்தான்.

— வெல்லம் போட்டா பானகம் மாதிரி ஆயிடாதா?

— பானகத்துக்கு சுக்கு, ஏலக்கா. இது பச்சை இஞ்சி. வெல்லத்தக் காச்சி வடிகட்டி ஆற வுடணும். கேட்டுக்கோங்க, கைய வெச்சா சுடவே கூடாது. அப்புறம்தான் தெளிவ ஊத்தணும். எலுமிச்சம்பழம் எல்லாத்துக்கும் கடைசி. பழத்த ஒரு தபா அமுக்கிப் புழிஞ்சமா, தூக்கிப் போட்டமான்னு இருக்கணும். கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்கறேன்னு தோலப் போட்டு முறுக்கக் கூடாது.

— அதான் கசந்துச்சா.

— எது கசந்துச்சு?

— ஒண்ணுமில்ல. உப்பு எவ்ளோ போடுவீங்க?

— இருங்கம்மா, இருங்க. மண்டி தங்கும்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே அத்தப் பத்திக் கேட்டீங்க. கசக்கும்னு நான் சொல்லவே இல்ல. நீங்க வூட்ல போட்டுப் பாத்திருக்கீங்க.

— பாத்தேன். ஒரு தபா வாயில வெக்க முடியாத கசப்பு. இன்னொரு தபா சுண்ணாம்புத் தண்ணி மாதிரி நாக்குல ஒட்டிக்கினுச்சி.

— உங்க வூட்ல மோரு இருக்கு, எளனி இருக்கு. இஞ்சித் தண்ணிக்கு இன்னாத்துக்கு இப்படி மெனக்கெடறீங்க? எங்க பக்குவம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கோகுல் வேலை வுட்டு வந்தா அவன் சில்வர் பாட்டில கழுவறது நான்தான். போன கோடையில ஒரு நாள் மூடியத் தொறந்தேன். குப்புன்னு வாசனை. அடியில கொஞ்சம் மிச்சம். அன்னிக்கி எனக்குக் காலையிலேர்ந்து கொமட்டலு, மாத்திரைக்கும் கேக்கல. சுத்தும் முத்தும் பாத்தேன், யாரும் இல்ல. அண்ணாந்து ஊத்திக்கினேன்.

— ஐயையோ. எந்த வூட்டுதுன்னு தெரியாம குடிச்சிட்டீங்களா?

— அன்னிக்கித் தெரியாது. யார் போட்டதுடான்னு கேட்டேன். கூட வேலை பாக்கற பொண்ணு வூட்லன்னான். எந்தத் தெருவுன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கினான். பெத்தவளுக்கு அதுக்கு மேல யாராவது சொல்லணுமா?

— அப்புறம்?

— மறுநாளும் தொறந்து பாத்தேன். பாதி பாட்டில் இருந்துச்சி. எனக்குன்னே வெச்சிருந்தான். அதுலேர்ந்து தெனம் பாதி வந்துக்கினு இருந்துச்சி. தெரிஞ்சேதான் குடிச்சேன்.

— அடிக் கள்ளி மவளே, இசைவாணி. இன்னும் ஒரு தம்ளர் சேத்து ஊத்தும்மா, லேப்ல ரொம்பத் தாகமா இருக்குதுன்னு நச்சரிப்பா. நானும் பாவம்னு வழிய வழிய ஊத்துவேன். அது ஓமந்தூருக்கா போச்சி?

— சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா?

— எனக்கே தெரியலம்மா. ஒரு வருசமா எங்க வூட்டுத் தண்ணி உங்க வூட்டுக்குள்ள போய்க்கினு இருந்திருக்கு. நான் இன்னாடான்னா கலர் வாங்க ஆளு அனுப்பிக்கினு இருக்கேன்.

— அந்தக் கலர அப்படி ஓரமா வைங்க. பானையில இருக்கறத ஊத்துங்க.

— பேப்பர் கப்பும் வாங்கி வெச்சிருக்கேன்.

— நீங்க எதுல குடிப்பீங்க?

— சில்வர் தம்ளர்லதான்.

— அதுலயே ஊத்துங்க.

— இந்தாங்க. மெதுவாம்மா, பொறையேறப் போவுது.

— இதேதான். எறங்கும்போது சுருக்குன்னு ஒரு காரம், அப்புறம் வயிறே குளுந்து பூடுது. இது நின்னுபோயி வூடே பேஜாரா இருக்கு.

— இப்பத்தான் புரியுது. பாட்டிலு வரல, நாமளே போட்டுக்கலாம்னு பக்குவம் கேட்டுக்கினு போக வந்திருக்கீங்க. அதுல தப்பில்ல. இப்பவே கூட நின்னு போட்டுக் காட்டறேன், கத்துக்கினு போங்க. ஆனா என் பொண்ண நிறுத்திட்டேன்னு அய்யாகிட்ட மறக்காம சொல்லிடுங்க. எங்க நெழலு படக்கூடாதுன்னு கண்ணாடிய ஏத்திக்கினு உக்காந்திருக்கறவருகிட்ட நாங்க எந்த வம்புக்கும் வரல.

— எனக்கு மட்டும்னா கசந்ததையே முழுங்கிட்டுக் கெடந்திருப்பேன் அக்கா. இங்க வந்திருக்க மாட்டேன்.

— அக்காவா?

— மூத்தவங்களதானே அப்படிக் கூப்புடுவாங்க.

— உங்களுக்கு இல்லன்னா பின்ன யாருக்குப் பக்குவம்?

— பானையில இன்னும் இருக்கா?

— இருக்கு.

— இன்னொரு தம்ளர் ஊத்துங்க. நெறைய. இதே மாதிரி சில்வர் தம்ளர்ல.

— காருக்கா எடுத்துக்கினு போறீங்க? வேணாம்மா, உங்க கால்ல வேணா வுழறேன். அவருக்கு அந்தக் கலர எடுத்துக்கினு போங்க. அது மூடி தொறக்கல.

— வரும்போது நான் வேற நெனப்புலதான் வந்தேன். பக்குவத்தக் கத்துக்கினு போயி, எப்பவும் போல என் கையால போட்டதுன்னு காலத்த ஓட்டிடலாம்னு இருந்தேன். உசுரோட இருந்தா போதும்னு சொன்னீங்களே அக்கா, அது என்னைப் போட்டு அறுக்குது. எங்க புள்ளைக்கு ஊத்திக் குடுத்த நீங்க இப்ப எம்மாம் பயத்துல இருக்கீங்க. நான் நாக்க நனைச்சிக்கினு வாய மூடிக்கினு இருந்திருக்கேன்.

— வாசப்படியில நின்னு கத்தாதீங்கம்மா, தெருவே பாக்குது. கார்க் கண்ணாடிய வேற எறக்கறாரு.

— எறக்கட்டும், அப்பதான் கேக்கும். ஏங்க, வண்டிய ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்க. போன கோடையிலேர்ந்து தெனம் சாயந்தரம் ஒரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு, உன் கை மாதிரி வராதுடின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்களே, அந்தக் கை இந்த வூட்லதான் இருக்குது.